162 துண்டு நிலமும் 41 வருசமும்

கன்ரீனில் தேத்தண்ணியோட இருந்தால் கஷ்மீர், பலஸ்தீனம், உக்ரைன் எல்லாத்துக்கும் எங்களிட்ட தீர்வு இருக்கும். போனில் வரைபடத்தைத் திறந்து, இதை இவங்களுக்குக் குடுத்தால் சரி, அதை அவங்களுக்குக் குடுத்தால் சரி எண்டு கோடு கிழிப்போம். அந்தக் கோடு யாருடைய வளவுக்குள்ளால போகுது எண்டு யோசிக்கிறது குறைவு. அதனால் இந்த முறை, போர் இல்லாமல் முடிந்த ஒரு எல்லைப் பிரச்சினையை எடுத்துப் பார்த்தோம்.

2015 வரைக்கும் பங்களாதேஷுக்குள் இந்தியாவின் 111 நிலத் துண்டுகள் இருந்தன. இந்தியாவுக்குள் பங்களாதேஷின் 51 துண்டுகள். கூச் பெஹார் அரசரும் ரங்பூர்ப் பக்கத்து ஆட்சியாளரும் சதுரங்கத்தில் ஊர்களைப் பந்தயம் வைத்ததால் வந்தது என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். வரலாற்றாசிரியர்களோ 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூச் பெஹாருக்கும் முகலாயருக்கும் நடந்த உடன்படிக்கைகளைக் காட்டுகிறார்கள். 1947இல் பிரித்தானியர் நாட்டைப் பிரித்துவிட்டுப் போக, பழைய சமஸ்தானத்தின் சிதறிய ஊர்கள் இரண்டு நாடுகளின் பிரச்சினை ஆகின.

2011இல் எடுத்த கணக்கின்படி ஏறக்குறைய 51,000 பேர் அங்கே இருந்தார்கள். சொந்த நாட்டுக்குப் போக வேண்டுமென்றால் அடுத்த நாட்டு மண்ணில் களவாக நடக்க வேணும். கரண்ட் இல்லை, வாக்கு இல்லை, பொலிஸ் வராது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேற ஒருவரைத் தகப்பன் எண்டு எழுதிக் குடுத்த குடும்பங்களும் இருந்தன.

தீர்வு ஒருவருக்கும் தெரியாமல் இருக்கவில்லை. 1974 மே மாதம் இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் துண்டுகளை மாற்றிக்கொள்ளக் கையெழுத்து வைத்தார்கள். பங்களாதேஷ் அதே வருசம் அங்கீகரித்தது. இந்தியாவில் நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் தேவை என்று உச்ச நீதிமன்றம் 1960இலேயே சொல்லியிருந்தது. அந்தத் திருத்தம் வர 41 வருசம் எடுத்தது. இந்தியா குடுப்பது ஏறக்குறைய 17,160 ஏக்கர், பெறுவது 7,110 ஏக்கர். "மண்ணை விக்கிறாங்கள்" எண்டு மேடையில் சொல்ல இது போதும்தானே? 2013இல் எதிர்த்த பாரதிய ஜனதாவே ஆட்சிக்கு வந்தபின் 2015 மே மாதம் 100ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. ஜூலை 31 நள்ளிரவோடு நிலம் கைமாறியது.

எங்களுக்கு இதில் முக்கியமாகப் படுவது ஏக்கர் கணக்கு இல்லை. ஒவ்வொரு குடும்பத்திடமும் எந்த நாட்டுக் குடியுரிமை வேணும் என்று கேட்டார்கள். பங்களாதேஷுக்குள் இருந்தவர்களில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் இந்தியாவுக்குப் போனார்கள். இந்தியப் பக்கத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. மிச்சப் பேர் வளவிலேயே இருந்தார்கள், நாடுதான் மாறியது. 1947இல் எல்லை மாறியபோது அதே வங்காளத்தில் சனம் வீடு வாசலை விட்டு ஓடியதை நினைத்தால் இந்த வித்தியாசம் விளங்கும்.

இதைப் பெரிய வெற்றிக் கதையாக எழுதவும் மனம் வரவில்லை. இந்தியாவுக்குப் போனவர்கள் தின்ஹாட்டா, மெக்லிகஞ்ச், ஹல்திபாரி முகாம்களில் தகரக் கொட்டில்களில் வருசக்கணக்காக இருந்தார்கள். முகாம் என்றால் என்னவென்று எங்களுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. இதே வழி கஷ்மீருக்கோ பலஸ்தீனத்துக்கோ பொருந்தும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. இங்கே நிலம் சின்னது, இரண்டு அரசுக்கும் அதில் பெரிய இலாபம் இல்லை. அப்படியிருந்தும் 41 வருசம் போனது.

அதே 1974இல், ஒரு மாதம் கழித்து ஜூனில், இந்திரா காந்தி சிறிமாவோ பண்டாரநாயக்கவுடன் கச்சதீவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்தக் கடலில் வலை போடுகிற இரண்டு கரைச் சனத்திடமும் ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பிரச்சினை இன்றைக்கும் கடலில் கிடக்குது.

அடுத்த முறை வரைபடத்தைத் திறக்கும்போது நாங்கள் எங்களையே கேட்க நினைப்பது இதுதான்: அங்க இருக்கிற சனத்திட்ட யாராவது கேட்டவையா?