ஒரு மான் = ஒரு டாலர்?

ஹாலிவுட் படங்களில் கடத்தல்காரன் "டென் தௌசண்ட் பக்ஸ்" என்று பேரம் பேசுவதை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். பக் என்றால் டாலர், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அகராதியைத் திறந்தால் பக் என்பதற்கு முதலில் போட்டிருக்கும் அர்த்தம் ஆண் மான்! மானுக்கும் டாலருக்கும் என்ன சம்பந்தம்?

1748-ல் பென்சில்வேனியா காலனியின் தூதராக ஒஹாயோ பகுதிக்குப் போன கான்ராட் வைசர் என்பவர் ஒரு நாட்குறிப்பு எழுதினார். அதில் ஒரு பீப்பாய் விஸ்கியின் விலை ஐந்து 'பக்' என்று வருகிறது. அதாவது ஐந்து மான் தோல். அமெரிக்கா என்ற நாடே அப்போது பிறக்கவில்லை. காட்டுக்குள் நாணயத்துக்கு மதிப்பில்லை, தோலுக்குத்தான் மதிப்பு. டாலருக்கு பக் என்ற பட்டப்பெயர் வந்தது இதிலிருந்துதான் என்று பலரும் கருதுகிறார்கள். வணிகவியல் பாடத்தில் முதல் அத்தியாயத்தில் வரும் பண்டமாற்று முறைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஆனால் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயம், பணமாக ஓடிய அந்த மான் கடைசியில் என்ன ஆனது என்பது.

வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான், ஐரோப்பியர் வருவதற்கு முன்பு சுமார் மூன்று கோடி இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கால்சட்டை, கையுறை, புத்தக அட்டை எல்லாவற்றுக்கும் மான் தோல் தேவைப்பட்டது. போதாக்குறைக்கு ஐரோப்பாவில் மாடுகளுக்குக் கொள்ளைநோய் வந்து மாட்டுத் தோலுக்குத் தட்டுப்பாடு. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து மட்டும் 1699 முதல் 1715 வரை ஆண்டுக்குச் சராசரியாக 50,000-க்கும் மேற்பட்ட தோல்கள் கப்பலேறின.

சுட்டது யார்? பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் இல்லை. செரோக்கி, கிரீக் (கிரேக்கம் இல்லை, கிரீக்!) போன்ற பழங்குடி மக்கள். இன்றைய ஜார்ஜியா, அலபாமா பகுதியில் வாழ்ந்த கிரீக் வேட்டைக்காரனின் வருடம் இப்படிப் போகும். அறுவடை முடிந்து இலையுதிர் காலம் வந்ததும் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்புவான். குளிர்காலம் முழுக்கக் காட்டில் முகாம். வசந்தத்தில்தான் திரும்பி வருவான். துப்பாக்கி வருவதற்கு முன்பு வில் அம்புதான். மானின் தலைத்தோலைக் கொம்போடு போர்த்திக்கொண்டு, மான் மாதிரியே தலையை ஆட்டி, அம்பு எட்டும் தூரத்துக்கு நெருங்கிப் போவார்கள். தோலைச் சுரண்டிப் பதப்படுத்துவது பெண்களின் வேலை. பதப்படுத்த வெளியிலிருந்து எந்தச் சரக்கும் வேண்டாம், அந்த மானின் மூளையே போதும். அதைக் குழைத்துத் தேய்த்தால் தோல் துணி மாதிரி மிருதுவாகிவிடும்.

துப்பாக்கி வந்தபின் கதை மாறியது. பிரிட்டிஷ் வியாபாரி இலையுதிர் காலத்தில் துப்பாக்கி, வெடிமருந்து, கம்பளித் துணி, ரம் எல்லாவற்றையும் கடனாகக் கொடுப்பான். வசந்தத்தில் தோலாக வசூலிப்பான். மழை பொய்த்தாலோ, சண்டை வந்தாலோ, மான் குறைந்தாலோ கடன் அப்படியே நிற்கும். அடுத்த வருடக் கடன் அதன்மேல் ஏறும். வில் அம்புக்கு யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. துப்பாக்கிக்கு ஒவ்வொரு வருடமும் மருந்தும் குண்டும் வாங்கியாக வேண்டும். வேட்டைக் கருவியை மாற்றியதில் வேட்டைக்காரனின் பொருளாதாரமே மாறிப்போனது.

1773-ல் ஆகஸ்டா ஒப்பந்தம் என்று ஒன்று. கிரீக், செரோக்கி மக்கள் 20 லட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை ஜார்ஜியா காலனிக்கு எழுதிக் கொடுத்தார்கள். எதற்கு? வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய கடன் தீர்வதற்கு! மான் தோல் கணக்கில் விழுந்த பற்று, நிலக் கணக்கில் நேர்செய்யப்பட்டது. 1803-ல் ஜனாதிபதி ஜெஃபர்சன் இதையே ஒரு கொள்கையாக எழுதினார். அரசாங்கக் கடைகளில் பழங்குடித் தலைவர்கள் கடன்படட்டும், கட்ட முடியாதபோது நிலத்தைத் தந்து தீர்த்துக்கொள்வார்கள் என்பது அவர் ஒரு ஆளுநருக்கு எழுதிய கடிதத்தின் சாரம். சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய அதே கைதான்.

அடுத்த வேட்டைக்காரன் 19-ஆம் நூற்றாண்டின் கூலி வேட்டைக்காரன். இவனுக்குத் தோலோடு இறைச்சியும் சரக்கு. ரயில் பாதை காட்டுக்குள் வந்துவிட்டது, ஐஸ் வைத்த சரக்குப் பெட்டிகள் வந்துவிட்டன. வடக்கே மிச்சிகன், விஸ்கான்சின் காடுகளில் சுட்ட மான் சிகாகோ கடைகளில் தொங்கும். இரவில் விளக்கைக் காட்டினால் மான் திகைத்து நிற்கும், சுடலாம். நாயை விட்டு விரட்டி ஏரிக்குள் இறக்கினால் நீந்தும் மானைப் படகிலிருந்தே அடிக்கலாம். சீசன் என்று தனியாக ஒன்றும் கிடையாது. சட்டம் இல்லாமல் இல்லை. ரோட் ஐலண்டின் போர்ட்ஸ்மத் ஊரில் 1646-லேயே மே முதல் நவம்பர் வரை மான் சுடக்கூடாது என்று விதி போட்டிருந்தார்கள். விஸ்கான்சினிலும் 1851-ல் தடைக்காலம் வந்தது. ஆனால் காட்டுக்குள் போய்ப் பார்க்க யார் இருந்தார்கள்?

துப்பாக்கியும் மாறியது. ஒரு குண்டு சுட்டுவிட்டு வாய்வழியாக மருந்தை இடித்து நிரப்பும் காலம் போய், கீழே உள்ள நெம்புகோலை ஒரு இழுப்பு இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும் வின்செஸ்டர் வந்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 மாடல் அமெரிக்க மான் வேட்டையின் அடையாளமே ஆகிவிட்டது. 70 லட்சத்துக்கும் மேல் விற்ற துப்பாக்கி. இதில் தோட்டாக்கள் குழலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கூர்முனைத் தோட்டா போட்டால் பின்னால் இருப்பதன் முனை முன்னால் இருப்பதன் பற்றவைக்கும் பகுதியில் குத்தி, குழலுக்குள்ளேயே வெடித்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் மொட்டை முனைத் தோட்டாதான். மொட்டை முனை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். சுமார் 150 கெஜத்துக்குள் என்றால் கச்சிதம். அடர்ந்த காட்டில் அதற்குமேல் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது!

1900 வாக்கில் மூன்று கோடி மான் மூன்று முதல் ஐந்து லட்சமாகச் சுருங்கியது. இந்தியானா மாநிலத்தில் ஒரு காட்டு மான் கூட மிச்சமில்லை.

அந்த ஆண்டுதான் லேசி சட்டம் வந்தது. ஒரு மாநிலத்தில் சட்டவிரோதமாகக் கொன்ற விலங்கை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்பது மத்திய அரசுக் குற்றம். கூலி வேட்டையின் உயிர்நாடி ரயில்தானே, அதையே பிடித்து நிறுத்தினார்கள். காட்டு மான் இறைச்சியை விற்கவே கூடாது என்று மாநிலங்களும் ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டன. வேலி போடுவது, காவலர் போடுவது எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய திருப்பம் என்று சொல்ல வேண்டும். மானின் விலையைப் பூஜ்யமாக்கினார்கள், மான் பிழைத்தது.

விஸ்கான்சினில் 1897-ல் வேட்டைக்கு உரிமம் வந்தது. உள்ளூர்க்காரனுக்கு ஒரு டாலர், வெளி மாநிலத்தானுக்கு 30 டாலர். 1915-ல் ஆளுக்கு ஒரே ஒரு ஆண் மான் என்ற விதி. 1937-ல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம். வேட்டைத் துப்பாக்கி, தோட்டா மீது வசூலாகும் வரி நேராக வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகும். உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு அந்தப் பணம் கிடையாது. இந்தியானாவில் 1934 முதல் வெளியிலிருந்து மான் கொண்டுவந்து விட்டார்கள், 1951-ல் அங்கே மறுபடி வேட்டை சீசன் திறந்தது. இன்று நாடு முழுக்க மான் எண்ணிக்கை மறுபடி மூன்று கோடியை ஒட்டி இருக்கிறது.

நடுவில் ஒரு கலாட்டாவும் உண்டு. விஸ்கான்சினில் வேட்டைக்காரர்கள் ஆண் மானை மட்டுமே சுட்டுப் பழகியதில் பெண் மானும் குட்டியும் பெருகி, குளிர்காலத்தில் தழை கிடைக்காமல் செத்து விழ ஆரம்பித்தன. வனவிலங்கு மேலாண்மைப் பேராசிரியர் ஆல்டோ லியோபோல்ட், பெண் மானையும் சுட அனுமதியுங்கள் என்றார். 1943-ல் அனுமதித்தார்கள். அந்த சீசனில் சுமார் 1,28,000 மான்கள் விழுந்தன. ஊரே கொதித்தது. லியோபோல்டைத் திட்டுவதற்கென்றே ஒரு பத்திரிகை நடந்தது! இத்தனைக்கும் அவரே வேட்டைக்காரர், சொந்தமாக வில் செய்பவர். இளவயதில் ஓநாய்களைச் சுட்டால் மான் பெருகும் என்று நம்பிச் சுட்டு, பிற்காலத்தில் அதை நினைத்து வருந்தியவர். அவர் சொன்னது சரி என்று மாநிலம் ஏற்றுக்கொள்வதற்குள் 1948-ல் இறந்துபோனார்.

சரி, இந்த மூன்றாவது வேட்டைக்காரனின் சீசன் எப்படி? விஸ்கான்சினில் துப்பாக்கி வேட்டையின் முக்கிய சீசன் நவம்பரில் ஒன்பது நாள். இணைசேரும் பருவத்தை ஒட்டி வருவது. ஆண் மான் கொம்பால் மரப்பட்டையை உரசி, மண்ணைக் காலால் கிளறி, பெண்ணைத் தேடி எச்சரிக்கையை மறந்து பகலிலும் அலையும் காலம். வில் சீசன் செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். வேட்டைக்காரன் விடியும் முன்பே மரத்தில் கட்டிய பரணில் ஏறி, கயிற்றால் தன்னை மரத்தோடு கட்டிக்கொண்டு உட்காருவான். காற்று தன் பக்கமிருந்து மான் வரும் பக்கம் வீசினால் அன்றைய நாள் வீண், வாசனை காட்டிக்கொடுத்துவிடும். துப்பாக்கி சீசனில் பளீர் ஆரஞ்சு உடை கட்டாயம் (2016 முதல் பளீர் இளஞ்சிவப்பும் போடலாம்). மனிதனை மனிதன் மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது அல்லவா? மானுக்கு ஆரஞ்சு நிறம் பிரித்துத் தெரியாது என்பது வசதி.

ஒரே ஒரு அனுமதிச் சீட்டு கையில் இருக்கும்போது எங்கே குறி வைப்பது என்பது பெரிய கேள்வியாகிறது. கூலி வேட்டைக்காரனுக்குக் காயத்தோடு தப்பும் மான் வெறும் நஷ்டக் கணக்கு. இவனுக்கு அப்படியில்லை. 1973-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் விஸ்கான்சினில் உரிமம் வாங்க வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேற வேண்டும். அங்கே திரும்பத் திரும்பச் சொல்லித்தருவது இதைத்தான்.

குறி தலையில் இல்லை. தலை சிறியது, சதா ஆடுவது. கொஞ்சம் பிசகினால் தாடை உடைந்து, தின்ன முடியாமல் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். குறி இரண்டு நுரையீரலும் இதயமும் சேர்ந்திருக்கும் மார்புப் பகுதி. மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், மார்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில். சற்றே அப்பால் திரும்பி நின்றால், மறுபக்க முன்னங்கால் வழியாகக் குண்டு வெளியே வருவதுபோல் கணக்குப்போட்டு வைக்க வேண்டும். நேருக்கு நேர் பார்த்து நின்றால் வில்காரன் அம்பை விடக்கூடாது. உயரமான பரணிலிருந்து செங்குத்தாக அடித்தால் ஒரு நுரையீரல் மட்டும் கிழியும். ஒற்றை நுரையீரலோடு மான் வெகுதூரம் ஓடிவிடும்.

வில்லுக்கு இன்னொரு சிக்கல். 1960-களில் மிசௌரியைச் சேர்ந்த ஹோலெஸ் வில்பர் ஆலன் கண்டுபிடித்த கப்பி வைத்த காம்பவுண்ட் வில், இன்று அம்பை விநாடிக்கு 300 அடி வேகத்தில் அனுப்புகிறது. ஆனால் நாண் அதிரும் ஓசை 1,100 அடி வேகத்தில் போகிறது. 30 கெஜ தூரத்தில் அம்புக்கு முன்பே சத்தம் மானை எட்டிவிடும். துள்ளி ஓடுவதற்காக மான் முதலில் உடம்பைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும்! பழகிய வில்காரர்கள் தூரத்தைக் குறைத்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

சுட்டதும் ஓடிப்போய்ப் பார்க்கக் கூடாது. இலைமேல் விழுந்த ரத்தத்தைப் படிக்க வேண்டும். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், அரைமணி பொறுத்தால் போதும், மான் நூறு கெஜம் சுற்றளவில் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சை கலந்து நாற்றமடித்தால் குடல். அப்போது அரை நாள்கூடக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் துரத்தினால் பக்கத்தில் படுத்திருக்கும் மான் எழுந்து கண்காணாத இடத்துக்குப் போய்விடும், யாருக்கும் உதவாமல் சாகும்.

கிடைத்த மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 2002-ல் விஸ்கான்சினில் மான்களின் மூளையை அழிக்கும் சிடபிள்யூடி என்ற நோய் கண்டறியப்பட்ட பிறகு, பலர் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை இறைச்சியை உறைபெட்டியில் வைத்துக் காத்திருக்கிறார்கள். சாப்பிடலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், ஏழைகளுக்கான உணவு வங்கிக்குத் தரலாம். ஒரு பக்குக்குக் கூட விற்க முடியாது.

தோலைக் கொடுத்து ஏதாவது வாங்கலாம். சீசன் முடிந்ததும் தோல் வாங்குபவர்களிடம் இன்றும் பல ஊர்களில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. ஒரு மான் தோலைக் கொடுத்தால், பதிலுக்குக் காசு இல்லை, ஒரு ஜோடி கையுறை.