தத், ஜித், தொங், நங்

ஐம்பது வயதைக் கடந்த பின்னர் மேளம் பழகப் போகிறேன் என்றதும் பத்திரிகைத்துறை நண்பர்கள் சிரித்தார்கள். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை செல்லும் வழியில், நித்தவெலைக்குச் சற்று அப்பால் உள்ள ஒரு வீட்டின் விறாந்தைதான் என் வகுப்பறை. வாரத்தில் ஒரு மணி நேரம். முதல் நாள் ஓர் அடுக்கு வெற்றிலையின் மீது பணத்தை வைத்து நீட்டினேன். குருன்னான்சே இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். மேளத்தை மட்டும் தரவில்லை. தரையில் உட்காரவைத்து, பலகையொன்றில் தட்டியபடி நான்கு சொற்களைச் சொல்லித் தந்தார்: தத், ஜித், தொங், நங்.

மிருதங்க வகுப்பின் வாசற்படியை ஒருமுறையேனும் மிதித்த தமிழர் எவரும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். அங்கும் முதற்பாடம் 'த, தி, தொம், நம்' என்பதுதானே!

கண்டி நடனத்துக்குரிய இந்த மேளத்தின் பெயர் கெட்ட பெர. தமிழ்க் காதுக்கு இப்பெயர் ஒருமாதிரியாக ஒலிப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வாத்தியத்தில் ஒரு கெடுதலும் இல்லை. நடுவில் பருத்து, இரு முனைகளிலும் ஒடுங்கிய மரக்குடம். மரபுப்படி வலப்பக்கம் குரங்குத் தோல், இடப்பக்கம் மாட்டுத் தோல். இடுப்பில் கட்டிக்கொண்டு இரு கைகளாலும் வாசிப்பது. தலதா மாளிகையில் நாள்தோறும் மூன்று வேளைப் பூசையின்போதும் ஒலிக்கும் மற்ற வாத்தியங்களின் பெயர்களையும் கேளுங்கள். தவுல என்பது நம் தவிலை நினைவூட்டுகிறது, தம்மெட்டம் தம்பட்டத்தை. உடெக்கி என்ற சிறு வாத்தியம் உடுக்கையேதான். எது எங்கிருந்து போனது என்ற வழக்கு எனக்கு வேண்டாம். அந்த வழக்கில் இரு தரப்பாரும் நிறையவே பேசிவிட்டார்கள்.

எனக்கு வேறொரு கேள்வி இருந்தது. இவ்வளவு காலமும் இந்தச் சொற்களைக் காத்தவர்கள் யார்?

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் சாதிகளை வரிசைப்படுத்துகிறார். நெசவாளரைப் பற்றி எழுதும்போது, அவர்களே நாள் நட்சத்திரம் பார்ப்பவர்கள், அவர்களே கோயில்களில் மேளம் அடித்து ஆடுபவர்கள் என்று குறிப்பிடுகிறார். அந்த வரிசையில் அவர்களுக்கு உயர்ந்த இடம் இல்லை. தமிழ்நாட்டில் பறை முழக்கிய சமூகத்திலும் நெசவாளர் இருந்தனர், சோதிடம் பார்த்த வள்ளுவரும் இருந்தனர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நாள் குறித்துத் தரவும் தெய்வத்தை அழைக்கவும் அவர்கள் வேண்டும். சமமாக அமர மட்டும் கூடாது.

அவர்களுக்குக் கூலி, நிலம். விகாரைக்கும் தேவாலயத்துக்கும் உரிய வயலை உழுதுண்ணும் குடும்பம், குறித்த நாட்களில் மேளத்துடன் வந்து நிற்க வேண்டும். இதுவே இராஜகாரியம். 1832இல் ஆங்கில அரசு இராஜகாரியத்தை ஒழித்தபோதும் கோயில் நிலங்களில் அது தொடர்ந்தது. சேவைக்குப் பதிலாகப் பணம் செலுத்தலாம் என 1870ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. ஆயினும் பல குடும்பங்கள் மேளத்தை விடவில்லை. நிலம் வேண்டுமானால் மேளம் தெரிந்த மகன் வேண்டும். ஆகவே வித்தை வீட்டை விட்டு வெளியே போகவில்லை. நித்தவெல குணயா, அமுனுகம சுரம்பா என்று ஊர்ப்பெயரையே முன்னால் தாங்கிய ஆட்ட ஆசான்கள் இத்தகைய பரம்பரைகளில் வந்தவர்களே.

சுதந்திரத்தின் பின்னர் கண்டி நடனம் பள்ளிக்கூடப் பாடமாயிற்று; நாட்டின் அடையாளமாகவும் ஆயிற்று. தம் பாட்டனார் வெளியார் ஒருவருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை என்றார் குருன்னான்சே. இன்று காசு கொடுத்து எவரும் பழகலாம். நான் பழகுவதே அதற்குச் சான்று.

நான்காவது வகுப்பில் அவர் கேட்டார்: "மாத்தயா, உங்கள் தோட்டத்தில் மேளம் இருக்கவில்லையா?"

இருந்தது. ஹேவாஹெட்டைப் பக்கத்தில் நான் பிறந்த தோட்டத்தில் தப்பு இருந்தது. தோட்டங்களில் விடியுமுன் ஆட்களை எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தது தப்புதான். சாவுக்கும் திருவிழாவுக்கும் அதுவே. மாசியில் காமன் கூத்து ஆட வேண்டுமானால் அது இல்லாமல் முடியாது. லயத்துக்குப் பின்னால் வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சும்போது எழும் மணம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது. எட்டு வயதில், காயவைத்திருந்த தப்பொன்றை எடுத்து இரண்டு அடி அடித்தேன். கணக்கப்பிள்ளையாயிருந்த என் அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் என்னைப் பீலிக்கு இழுத்துச் சென்று, உடுப்போடு தலையில் தண்ணீர் ஊற்றினார். தப்பின் சொந்தக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். அவரை அப்பாவை விட மூத்தவர் என்று நினைக்கிறேன். 'விடுங்க ஐயா, சின்னப்புள்ள' என்று மட்டும் சொன்னார்.

பேராதனையில் கலைப்பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகள் செய்தி எழுதிய பின்னரும் அவரிடம் போய் 'எனக்குச் சொல்லித் தாருங்கள்' என்று நான் கேட்டதில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். இழவுக்குப் போயிருந்தேன். அவர் பிள்ளைகள் ஒருவரும் தப்பைத் தொடுவதில்லை. அவர்களை நான் குறைசொல்லவில்லை. அந்தத் தண்ணீர் என் தலையில் ஊற்றப்பட்டதை அவர்களும் பார்த்தவர்கள்தாம்.

"இருந்தது, நான் பழகவில்லை" என்றேன் குருன்னான்சேயிடம்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். பலகையைத் தள்ளி வைத்துவிட்டு, முதன்முறையாகக் கெட்ட பெரவை என் மடிமேல் வைத்தார். என் 'ஜித்' இன்னமும் சரியாக விழுவதில்லை.