மலையோர வானிலையும் கருவிவழிப் பறத்தலும்

கருவிவழிப் பறத்தல்: வெளியே எதுவும் தெரியாதபோது காக்பிட் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் முறை. அதன் பயிற்சியில் முதற்பாடம், தன் உடலை நம்பாதிருப்பது. சீரான திருப்பம் ஏறக்குறைய 20 விநாடி நீடித்தால் உட்காதின் நீர்மம் அடங்கிவிடும். சாய்ந்து சுழலும் விமானம் நேராகப் போவதாகவே தோன்றும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகம் சோதித்த, கருவிப் பயிற்சியில்லாத 20 பேரும் சராசரியாக 178 விநாடிகளில் கட்டுப்பாட்டை இழந்தனர்.

இரண்டாம் பாடம், மலையோர வானிலையை நம்பாதிருப்பது. அதற்கு ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நின்று மேற்கே மலையைப் பார்த்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து மேகமாகிறது. சற்றுமுன் தெளிவாக நின்ற முகடு காணாமல் போய்விடும். மலையில் இப்படி மேகம் மூடினால் என்னாகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் பறந்த எம்ஐ-17 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்ததில், முப்படைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதிலிருந்த 14 பேரும் இறந்தனர். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராது மாறியதால் மேகத்துள் புகுந்து, விமானி திசையுணர்வை இழந்தார் என்றது விசாரணைக் குழு. 2024இல் வெளியான நாடாளுமன்றக் குழு அறிக்கையில் காரணம் மனிதப் பிழை என்றிருக்கிறது. இரண்டும் முரண்போலத் தெரிந்தாலும், ஒரே நிகழ்வின் இரு முனைகளாகவே கொள்ளலாம். செயற்கைக்கோள் வழிகாட்டியும் நவீனத் திரையும் இருக்க மலையோர மேகத்துக்குப் பயம் எதற்கு என்பார்கள் சிலர். கருவி சாய்வைக் காட்டும், மலையை நகர்த்தாது. கருவிவழிப் பறத்தலுக்கான பாதுகாப்பு உயரம் முகடுகளுக்கு மேலே வகுக்கப்பட்டது. பள்ளத்தாக்கில் தாழப் பறப்பவர் மேகம் மூடும் கணத்தில் அந்த உயரத்துக்குக் கீழே இருக்கிறார். ஆகவே திரும்புவதா, மேலேறுவதா என்ற முடிவை அடிவானம் கண்ணில் இருக்கும்போதே எடுத்தாக வேண்டும்.