காத்திருப்பும் நம்பகமும்: தகடூர்ப் பாடல்களும் தொப்பூர்க் கணவாயும்

பொறுமை என்பது ஒருவர் தம் விருப்பத்தைத் தாமே அடக்கிக்கொள்ளும் மனவலிமை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் பின்னர் வரவிருக்கும் பெரும்பயனுக்காகக் கைக்கெட்டிய சிறுபயனைத் தள்ளிவைக்கும் இத்திறம், கொடுப்பவர்மீது காத்திருப்பவர் கொண்ட நம்பிக்கையிலிருந்தே பிறக்கிறது என்பதும், எனவே பொறுமையின்மைக்குக் காத்திருப்பவரை மட்டும் குறைகூறுவது முறையாகாது என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

தொப்பூரை உள்ளடக்கிய தருமபுரி வட்டாரம், சங்ககாலத்தில் அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் நாட்டைச் சார்ந்தது. அவனைப் பாடிய ஔவையாரின் புறநானூற்றுப் பாடல்களுள் இரண்டு, பரிசில், அதாவது புலவர்க்கு அரசன் வழங்கும் கொடை, காலந்தாழ்ந்தபோது எழுந்தவை. 101ஆம் பாடலில், எத்தனை நாள் சென்றாலும் முதல்நாளின் விருப்போடு வரவேற்பவன் அவன் என்பதைக் காரணமாகக் காட்டி, யானை தன் கொம்புகளிடையே வைத்த கவளம்போல அப்பரிசில் தவறாது கிட்டும் என்று தம் நெஞ்சைத் தேற்றுகிறார். 206ஆம் பாடலிலோ, அரசன் தன்னையும் அறியானோ, தம்மையும் அறியானோ என்று வாயிற்காவலனிடம் வினவி, கலைத்திறம் உடையவர்க்கு உலகில் வேறிடம் உண்டு எனப் புறப்படத் துணிகிறார். காத்திருப்பவரும் ஒருவரே, கொடுப்பவனும் ஒருவனே. நம்பிக்கை நின்றபோது பொறுமையும் நின்றது, அது தளர்ந்தபோது பொறுமையும் தளர்ந்தது.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷெல் நடத்திய புகழ்பெற்ற ஆய்வு, உடனே கிடைக்கும் ஒரு தின்பண்டத்தை விடுத்து இரண்டுக்காகக் காத்திருக்கும் குழந்தைகளின் தன்னடக்கத்தை ஆராய்ந்தது. ஆயினும் 2013இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், சொன்ன சொல்லை முன்னரே ஒருமுறை காப்பாற்றியவரிடம் குழந்தைகள் நெடுநேரம் காத்திருந்தனர். தவறியவரிடம் விரைவில் பொறுமை இழந்தனர். ஔவையார் இரு பாடல்களில் காட்டிய வேறுபாடும் இதுவே.

இறைவனிடம் காத்திருத்தலைப் பற்றிய வைணவச் சிந்தனையும் நம்பிக்கையை முன்வைக்கிறது. சரணாகதியின் அங்கங்களுள் ஒன்று மகாவிசுவாசம், அதாவது இறைவன் காப்பான் என்னும் ஐயமற்ற உறுதி. சரணடைந்தவருள், இவ்வுடல் வீழும்வரை அமைதியாகக் காத்திருப்பவர் திருப்தர் என்றும், பிரிவாற்றாமல் உடனே வீடுபேறு வேண்டுபவர் ஆர்த்தர் என்றும் வகுக்கப்படுகின்றனர். இருவரும் ஏற்கப்படுவதால், துடிப்பு நம்பிக்கைக் குறைவாகாது என்பது பெறப்படும்.

இக்கருத்தை நடைமுறையில் சோதிக்கத் தொப்பூர்க் கணவாய் ஏற்ற களமாகும். தேசிய நெடுஞ்சாலை 44இல் தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் சரியும் இவ்விறக்கத்தில், சில ஓட்டுநர்கள் டீசலை மிச்சப்படுத்த வண்டியை நியூட்ரலில் விடுவது விபத்துகளுக்கான காரணங்களுள் ஒன்றாகச் சுட்டப்படுகிறது. கியரில் இருக்கும்வரை என்ஜினும் வண்டியைப் பிடித்து நிறுத்த உதவும்; நியூட்ரலில் விட்டால் பாரம் முழுவதும் பிரேக்கின்மீது விழ, அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். 2020 டிசம்பரில் கட்டுப்பாட்டை இழந்த சிமெண்ட் லாரியொன்று அங்கே பத்துக்கும் மேற்பட்ட வாகனங்களில் மோதியதில் நால்வர் இறந்தனர். புறப்படும்போது சூடம் ஏற்றி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிடும் வழக்கம் லாரி ஓட்டுநரிடையே பரவலாக உண்டு. ஆகவே அவர்களிடம் குறைவது தெய்வ நம்பிக்கை அன்று. மிச்சமான டீசல் அன்றைய கணக்கிலேயே தெரிகிறது. விபத்தின்றி இறங்கியதோ எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பொறுமைக்குப் பயன் தருவார் எவரும் இல்லாத இடத்தில் கைக்கெட்டியதை ஒருவர் பற்றிக்கொள்வது வியப்பன்று.

தெய்வத்தின்மீது பாரத்தைப் போடுதல் தன் கையில் இல்லாதவற்றுக்கே பொருந்தும். கியரும் பிரேக்கும் ஓட்டுநர் கையில் இருப்பவை. அதுபோலவே கூலி முறையும் பயண நேரமும் உரிமையாளர் கையிலும், சாலையின் அமைப்பு அரசின் கையிலும் இருப்பவை. இறைவனது நம்பகத்தை அடியார் ஐயமின்றி ஏற்கலாம். மனிதரும் நிறுவனங்களும் அதைச் செயலால் நிறுவியாக வேண்டும். பொறுத்திருக்கச் சொல்பவர், முதலில் தாம் சொன்னதைக் காப்பவராக இருத்தல் வேண்டும்.