சக்கரத்துக்கு இடம் எங்கே? - புல்லட் முதல் ஹிமாலயன் வரை

மழைக்காலம் முடிந்ததும் தி.நகர், அடையாறு, மயிலாப்பூர் பக்கம் இருக்கிற மெக்கானிக் கடைகளில் ஒரு பேச்சு காதில் விழும். "அண்ணே, பள்ளத்துல இறங்கினா அடி தட்டுது. பின்னாடி பெரிய ஷாக் போட்டு வண்டியைத் தூக்கிடலாமா?" லடாக் கிளம்பும் புல்லட்காரர்களும் கேட்பது இதைத்தான்.

ஷாக் அப்சார்பர் மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் சக்கரம் கூடுதலாக இரண்டு அங்குலம் மேலும் கீழும் ஆடப்போகிறது என்றால், அந்த இரண்டு அங்குல இடம் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்கு வயது எழுபதுக்கு மேல்! அதற்குப் பதில் தேடிய கதையில் பாதி நம்ம சென்னையில் நடந்தது.

ஸ்பிரிங் இல்லாத காலம்

1940களில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. சக்கரம் நேராக ஃப்ரேமில் பூட்டப்பட்டிருக்கும். ஓட்டுபவரின் முதுகைக் காப்பாற்றியது சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங் மட்டும்தான். ஆனால் இதில் ஒரு வசதி உண்டு. சக்கரம் ஆடாததால் மட்கார்டை டயருக்கு மிக அருகில் வைக்கலாம். செயினை ஒருமுறை இழுத்துக் கட்டினால் மேடு பள்ளத்தில் அதன் இறுக்கம் மாறாது.

பாறையும் சேறுமான பாதையில் நடக்கும் 'ட்ரையல்' போட்டிக்காரர்கள் இந்த ஸ்பிரிங் இல்லாத வண்டியையே நம்பினார்கள். பின்னால் ஸ்பிரிங் வைத்தால் டயரின் பிடிப்பு போய்விடும் என்பது அவர்கள் எண்ணம்.

1948இல் இங்கிலாந்தின் ரெடிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம் இந்த நம்பிக்கையை உடைத்தது. ஸ்விங் ஆர்ம் வைத்த பின்பக்க சஸ்பென்ஷனை முதலில் போட்டி வண்டிகளில்தான் பொருத்தினார்கள். அதே வருடம் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் இரண்டு புல்லட்டுகள் தங்கப் பதக்கம் வாங்கின. 1952இல் ஜானி பிரிட்டன் 350 சிசி புல்லட்டில் ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டியை ஜெயித்தார்.

ஆனால் புது வசதியோடு புதுச் செலவும் வந்தது. மட்கார்டு ஃப்ரேமோடு நிற்கிறது, சக்கரமோ எழும்புகிறது. அதனால் சக்கரம் எழும்பும் அளவுக்கு இடைவெளி விட்டே ஆகவேண்டும். ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் போகும்போது செயினும் தளர்ந்து இறுகும்.

மெட்ராஸுக்கு வந்த புல்லட்

1949இல் கே.ஆர். சுந்தரம் ஐயர் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ் பிரிட்டிஷ் வண்டிகளை இறக்குமதி செய்தது. 1952இல் இந்திய ராணுவம் அவர்களிடம் 500 புல்லட்டுகள் கேட்டது. 1955இல் ரெடிச் நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. 1956இல் திருவொற்றியூர் ஆலை திறந்து, அந்த வருட முடிவுக்குள் 163 புல்லட்டுகள் வெளிவந்தன. 1970இல் இங்கிலாந்தில் தயாரிப்பு நின்றுவிட்டது. திருவொற்றியூரில் நிற்கவே இல்லை!

இதற்கிடையில் வெளியே உலகம் மாறிவிட்டது. 1973இல் ஹாகன் ஆண்டர்சன் என்ற ஸ்வீடன் வீரர், ஒற்றை ஷாக் வைத்த யமஹாவில் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றார். அந்த ஒற்றை ஷாக் முறை பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கன்ஸ் கொடுத்த யோசனை. 1970களின் தொடக்கத்தில் 100 மி.மீ. அளவில் இருந்த சக்கரத்தின் ஆட்டம், பத்தே வருடத்தில் 300 மி.மீ. அளவுக்குப் போனது. சீட் உயர்ந்தது, செயினை இழுத்துப் பிடிக்க உருளைகள் வந்தன, ஃப்ரேமே மாறியது. வெறும் ஷாக்கை மட்டும் மாற்றி யாரும் 300 மி.மீ. வாங்கவில்லை.

ஹிமாலயன் சொல்லும் கணக்கு

2009இல் வந்த கிளாசிக் 350 வண்டியில் முன்சக்கர ஆட்டம் 130 மி.மீ., பின்னால் 80 மி.மீ., கிரவுண்ட் கிளியரன்ஸ் 135 மி.மீ.

2016இல் வந்த ஹிமாலயனில் முன்னால் 200, பின்னால் 180, கிளியரன்ஸ் 220.

2023இல் வந்த ஹிமாலயன் 450இல் முன்னும் பின்னும் 200, கிளியரன்ஸ் 230.

மூன்றிலும் கிரவுண்ட் கிளியரன்ஸ் முன்சக்கர ஆட்டத்தைவிடக் கொஞ்சமாவது அதிகம். காரணம் எளிது. சஸ்பென்ஷன் முழுதாக அமுங்குவதற்கு முன்பே இன்ஜினின் அடிப்பக்கம் தரையில் இடித்தால், மீதி ஆட்டம் இருந்தும் பயனில்லை. ஹிமாலயனுக்கு ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் நிறுவனத்தின் புது ஃப்ரேம், நடுவில் ஒற்றை ஷாக், முன்னால் 21 அங்குலச் சக்கரம் என்று எல்லாவற்றையும் மாற்றிய பிறகுதான் இந்த எண்கள் கிடைத்தன. அப்படியும் சீட் உயரத்தை 800 மி.மீட்டரில் நிறுத்தினார்கள்.

கடையில் ஷாக்கை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்?

நீளமான ஷாக் போட்டால் வண்டியின் பின்பக்கம் தூக்கும். சென்டர் ஸ்டாண்ட் போட்டாலும் சக்கரம் தரையை விட்டு எழாது, சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும். செயின் ஸ்விங் ஆர்மில் உரசும். ஹேண்டில் நிலையில்லாமல் ஆடும்.

நீளம் அதே, ஆட்டம் மட்டும் அதிகம் என்றால் ஆபத்து இன்னும் பெரிது. பின்னால் ஆள் உட்கார்ந்து வேகமாகப் பள்ளத்தில் இறங்கும்போது டயர் மட்கார்டில் போய் இடிக்கும். டயரில் சேறு ஒட்டியிருந்தால் இடைவெளி இன்னும் குறையும். ஓடும் வண்டியில் ஒரு நொடி சக்கரம் பிடித்துக்கொண்டால் போதும், விழுந்துவிடலாம்.

தெரிந்த மெக்கானிக் இதை ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க மாட்டார். ஷாக்கில் இருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை முழுதாக மேலே தூக்கிப் பார்ப்பார். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் போகிறதா? செயின் எந்த இடத்தில் மிக இறுக்கமாகிறது? பிரேக் கேபிள் இழுபடுகிறதா? இதெல்லாம் சரியாக இருந்தால்தான் ஸ்பிரிங் திரும்ப ஏறும்.

1948இல் ரெடிச்சிலும், 2016 ஹிமாலயனிலும் வண்டியைச் செய்தவர்கள் சக்கரத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டுத்தான் ஆட்டத்தைக் கூட்டினார்கள். "பெரிய ஷாக் போடலாமா?" என்று கேட்பவர்கள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு ஸ்கேலை வைத்து அளந்துவிட்டுக் கேட்பது நல்லது.