கண்டனமும் பதிலும்

சென்ற ஆண்டு ஒரு கவிதைத் தொகுப்புக்கு நான் எழுதிய மதிப்புரைக்கு, வேறொரு பத்திரிகையில் நான்கு பக்கக் கண்டனம் வந்தது. இரண்டு இடங்களில் நான் வரிகளைப் பிழையாக மேற்கோள் காட்டியிருந்தேன் என்பது அதில் பாதி. வங்கியில் கணக்கெழுதுகிறவனுக்குக் கவிதையில் என்ன வேலை என்பது மீதி. அன்றிரவே ரெட்டிபாளையத்து அறையில் உட்கார்ந்து ஒன்பது பக்கம் பதில் எழுதினேன். வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது, கவிதையைப் பற்றி அதில் ஒரு பத்திகூட இல்லை. தபாலில் சேர்க்கவில்லை. அந்த வாரம் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திர'த்தை மறுபடி எடுத்தேன்.

அவர் தமிழ் கற்ற சீமை இதுதான். அரியலூரில் சடகோபையங்காரிடம் தொடங்கி, குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் படித்து, செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை பாடம் கேட்டார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டனம் என்பது தமிழில் ஓர் இலக்கிய வகையாகவே இருந்தது. இராமலிங்கரின் பாடல்களை அருட்பா என்று அழைக்கலாமா என்ற தகராறு, 1869இல் ஆறுமுக நாவலர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்குப் போகும் அளவுக்கு முற்றியது. இருவரும் காலமான பிறகும் மறுப்புக்கு மறுப்பு அச்சாகிக்கொண்டே இருந்தது. அன்று புலமையின் அடையாளங்களில் ஒன்று எதிரியை வாயடைக்கச் செய்வது.

இந்தச் சூழலில்தான் 1887இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. திருவாவடுதுறை மடத்தில் படித்த ஒருவர் சமண காவியத்தைப் பதிப்பித்ததைச் சைவர்களில் சிலர் பொறுக்கவில்லை. சோழ அரசனைச் சிந்தாமணியிலிருந்து திருப்பவே சேக்கிழார் பெரிய புராணம் பாடினார் என்ற பழைய கதை வழங்கும் சமூகம் இது. ஐயரோ கும்பகோணத்துச் சமணர்களிடமே போய் ஐயம் தீர்த்துக்கொண்டவர். பதிப்பில் பிழைகள் என்று துண்டுப் பிரசுரங்கள் கிளம்பின. அவர் மனம் புண்பட்டது. பதில் எழுதுவதில் காலத்தைக் கழிக்க வேண்டாம் என்று நண்பர் சாது சேஷையர் தடுத்தார்.

இதைப் பொறுமை என்று சொல்லி நகர்ந்துவிடுவது சுலபம். எனக்கு அது போதவில்லை. பொறுமை மட்டும் என்றால் அடுத்த நூல் வந்திருக்க வேண்டியதில்லை. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. கடைசியாகச் சொன்னது பௌத்த காவியம். சமண நூலைத் தொட்டதற்காக வசை கேட்டவர் பௌத்த நூலையும் தொட்டார். இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

இன்னொரு பதிலும் உண்டு. 1907இல் சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு வந்தது. இருபது ஆண்டுகளில் கிடைத்த ஏடுகளையும் தாம் கற்றதையும் வைத்து முதல் பதிப்பைத் திருத்தியிருந்தார். பிழை இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டவர், அதற்காகச் செய்த காரியத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பிழை வேறு, வசை வேறு என்று அவருக்குப் பிரிக்கத் தெரிந்திருந்தது. முன்னதைத் திருத்தினார். பின்னதைத் தொடவில்லை.

விட்டுக்கொடுக்காமை எதிரிகளிடம் மட்டும் தேவைப்படுவதில்லை. சி. வை. தாமோதரம் பிள்ளை மூத்தவர், பதிப்புத் துறையில் முன்னோடி. சிந்தாமணியைத் தாமே வெளியிட அவர் விரும்பினார். மறுப்பது ஐயருக்கு எளிதாக இருந்திராது. ஆயினும் நூல் ஐயரின் பதிப்பாகவே வந்தது. அதே 1887இல் பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். இருவரும் பகைவர்களாகவில்லை.

ஐயரை மகானாக்குவதில் எனக்கு விருப்பமில்லை. 1940இல் ஆனந்த விகடனில் சுயசரிதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு எண்பத்தைந்து வயது. அரை நூற்றாண்டு கழிந்தும் அந்தக் கண்டனங்களின் வேதனையை அவர் மறக்கவில்லை என்பது படிக்கிறவனுக்குத் தெரிகிறது. காயம் ஆறிவிட்டதால் வந்த நிதானமல்ல அது. காயத்தைப் பேனாவைப் பிடிக்க விடாததால் வந்தது. நாவலரின் மறுப்புகளை இன்று ஆராய்ச்சியாளர்கள் மட்டுமே தேடிப் படிக்கிறார்கள். அவர் பதிப்பித்த நூல்கள் நிற்கின்றன. சண்டை போட்டவரிடத்திலும் எஞ்சியது வேலைதான்.

வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. வவுச்சரில் பிழையாக எழுதியதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. படிக்கும்படியாகக் கோடிட்டு, சரியானதை மேலே எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். பிழையும் என்னுடையது, திருத்தமும் என்னுடையது என்பதற்கு அதுவே சாட்சி.

ஒன்பது பக்கத்தையும் கிழித்துவிட்டு அந்தப் பத்திரிகைக்கு அரைப் பக்கம் எழுதினேன். இரண்டு மேற்கோள்களும் பிழை, சரியான வரிகள் இவை, தொகுப்பைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறவில்லை, காரணங்கள் இவை. குமாஸ்தா உத்தியோகத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதாமல் இருப்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.