போதித்தவர் தம் போதனைப்படி நடந்தாரா?



கல்வராயன் மலையில் ஒரு சிற்றூருக்குத் திருப்பலிக்குப் போயிருந்தோம். குருமடத்தில் படித்ததையெல்லாம் திரட்டி, இறையருளைப் பற்றி அரைமணி நேரம் மறையுரை ஆற்றினோம். முடிந்ததும் ஒரு பாட்டி எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, நல்லா பேசினீங்க. என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை.

இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின்ஸ் என்றொரு பியூரிட்டன் போதகர் இருந்தார். 1602இல் இறந்தவர், நம் திருச்சபையைச் சேராதவர். ஆனாலும் போதகர்களுக்கு நல்ல புத்தி சொன்னார்: தயாரிக்கும்போது எல்லாவற்றையும் படி, பிரசங்கத்தில் அந்தப் படிப்பைக் காட்டிக்கொள்ளாதே. சொல்வது எளிது. சொன்னபடி நடப்பது?

இதே கேள்வியை நம் வீரமாமுனிவரிடமும் கேட்கலாம். 1680இல் இத்தாலியில் பிறந்து மதுரை மறைப்பணிக்கு வந்த இயேசு சபைக் குரு அவர். நமக்கு அடுத்த வீட்டுக்காரர் என்றே சொல்லலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து விருத்தாசலம் பக்கம் போனால், சேலை உடுத்திய பெரியநாயகி அன்னைக்கு அவர் கோயில் எழுப்பிய கோணான்குப்பம் இருக்கிறது.

உபதேசியார்களுக்காக 1727இல் அவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். தலைப்பைப் பாருங்கள். வேதியர் 'பேச்சு' என்று அவர் பெயர் வைக்கவில்லை, 'ஒழுக்கம்' என்றார். மறுவருடமே, மக்கள் பேசும் தமிழுக்குத் தனியாக ஓர் இலக்கணம் எழுதி முடித்தார். சந்தையிலும் வயலிலும் பேசும் மொழி தெரியாத குரு, மக்களிடம் என்ன பேச முடியும்? லூத்தரன் சபையாரோடு அவர் கடுமையாக வாதாடியவர். ஆனாலும் அந்த இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது அவர்களுடைய தரங்கம்பாடி அச்சகம்தான். அவ்வளவு பயனுள்ள நூல் அது.

அப்படியானால் தேம்பாவணி? புனித சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக்கி, 3615 பாடல்களில் செந்தமிழ்க் காப்பியம். களத்து மேட்டில் நிற்பவருக்கு அதில் நான்கு வரிகூடப் பிடிபடாது. போதித்தவரே தம் போதனையை மறந்துவிட்டாரா?

நாங்கள் அப்படி நினைக்கவில்லை. தேம்பாவணி புலவர்களின் சபைக்குப் போன நூல். இலக்கியம் அறிந்தவரைத்தான் அந்தச் சபை மதிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் காப்பியத்துக்கும் பிறகு அவரே உரைநடையில் விளக்கம் எழுதினார். உபதேசியாருக்கு எழுதும்போது உரைநடை; சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்க 'பரமார்த்த குரு கதை'. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் ஆகியவற்றுக்கு இடையே வாசிப்பவர் தடுமாறாதபடி எழுத்தையே திருத்தினார். யாரிடம் பேசுகிறோம் என்பதை அவர் மறக்கவில்லை.

மறந்தவர்கள் நாங்கள்தான். பாட்டியிடம் தேம்பாவணி பாடிவிட்டோம்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். திருப்பலிக்கு முன், திண்ணையில் உட்கார்ந்து உபதேசியாரிடம் மறையுரையைச் சொல்லிப் பார்க்கிறோம். அவர் நெற்றி சுருங்கும் இடத்தை நீக்கிவிடுகிறோம். சில நாட்களில் பாதி போய்விடும். மீதி, கேட்டவர்களோடு வீட்டுக்குப் போகிறது.

பெற்றோரே, ஆசிரியர்களே, பிள்ளைகளுக்கு நீங்களும் தினமும் போதிக்கிறீர்கள். இன்றிரவு இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்வோம்: நாம் சொன்னது அவர்களுக்குப் புரிந்ததா? சொன்னபடி நாம் நடந்தோமா?

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.